வாழ்நாள் முழுக்க ஒரே லென்ஸ்... 50 மி.மீ-ஐ விடாத புகைப்படக் கலைஞர்! யார் இந்த ஹென்றி கார்டியர்-பிரெசோன்?

புதுசா கேமரா வாங்குறவங்க எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: எந்த லென்ஸ் வாங்கலாம்? 28-ஆ, 35-ஆ, 50-ஆ? தினமும் கையில் வைத்துக்கொண்டு சுற்ற எது சரியா இருக்கும்? இதற்காகவே யூடியூபில் மணிக்கணக்கில் வீடியோக்கள் ஓடுகின்றன.

ஆனால், 20ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர் இந்தக் கேள்விக்கு 1932-லேயே ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அதை மாற்றவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அவர் பெயர் ஹென்றி கார்டியர்-பிரெசோன். பிரான்ஸ் நாட்டுக்காரர்.

காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட அன்று மதியம் அவரைச் சந்தித்துப் பேசியவர் இவர். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி மறைந்த இரவில் அங்கே இருந்தவரும் இவரே. இரண்டு இடத்திலும் தோளில் தொங்கியது ஒரு சின்ன லைகா கேமரா. எப்போதும்போல அதில் 50 மி.மீ லென்ஸ்.

அந்த ஒரு எண்ணை அவர் ஏன் விடவில்லை? அது அவருக்கு என்ன கொடுத்தது, எதைத் தடுத்தது? விரிவாகப் பார்க்கலாம்.

நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை

1908 ஆகஸ்ட் 22. பாரிஸுக்குக் கிழக்கே சாந்தலூ என்ற ஊரில் பிறந்தார் பிரெசோன். வசதியான வீடு. தையல் நூல் தயாரிக்கும் குடும்பத் தொழில். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் என்பதால், தொழிலை அவர்தான் எடுத்து நடத்துவார் என்பது அப்பாவின் கணக்கு. பையனுக்கோ ஓவியத்தின் மீதுதான் கண்.

ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். லோத்துக்கு எல்லாமே கோடு, கோணம், விகிதம்தான். ஒரு சட்டத்துக்குள் எது எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கை மாணவர் மனதில் ஆழமாகப் பதியவைத்துவிட்டார். பின்னாளில் பிரெசோன் எடுத்த தெருப் படங்களைப் பார்த்தால், யாரோ அளவுகோல் வைத்து ஆட்களை நிறுத்தியதுபோல இருக்கும். அந்தப் பழக்கம் வந்தது இங்கிருந்துதான். லென்ஸ் விஷயத்துக்கும் இது முக்கியம், பிறகு வருவோம்.

ஓவியத்தில் தனக்கே திருப்தி வராமல், 22 வயதில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்குக் கிளம்பினார். அங்கே வேட்டையாடிப் பிழைத்தார். கடும் காய்ச்சல் வந்து சாகும் நிலைக்குப் போனார். தன் இறுதிச் சடங்கு எங்கே, எப்படி நடக்க வேண்டும், என்ன இசை வாசிக்க வேண்டும் என்று தாத்தாவுக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டார்! அதெல்லாம் ரொம்பச் செலவாகும், முதலில் ஊர் வந்து சேர் என்ற பொருளில் வீட்டிலிருந்து பதில் வந்ததாம்.

பிழைத்து பிரான்ஸ் திரும்பியவர் கண்ணில் ஒரு படம் பட்டது. மார்ட்டின் முங்காச்சி எடுத்தது. தாங்கனிக்கா ஏரியின் அலைகளுக்குள் மூன்று கறுப்பினச் சிறுவர்கள் ஓடிப் பாயும் காட்சி. ஒரு கேமராவால் இப்படி ஒரு நொடியைப் பிடித்து நிறுத்த முடியுமா என்ற வியப்பில் தூரிகையை ஓரமாக வைத்தார். 1932-ல் மார்செய் நகரில் ஒரு லைகா கேமரா அவர் கைக்கு வந்தது.

சரி, 50 மி.மீ-ன்னா என்ன?

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல். பயப்பட வேண்டாம், எளிதுதான்.

லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ எண் அதன் குவியத் தூரம். எண் சிறிதாக இருந்தால் காட்சி அகலமாக விழும். எண் பெரிதானால் குறுகலாக, நெருக்கமாக விழும். பழைய ஃபிலிம் அளவை (36-க்கு 24 மி.மீ) வைத்துப் பார்த்தால், 50 மி.மீ லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 47 டிகிரி பார்க்கும். 35 என்றால் சுமார் 63 டிகிரி. 28 என்றால் 75 டிகிரி.

1925-ல் விற்பனைக்கு வந்த முதல் லைகாவில் லென்ஸைக் கழற்றவே முடியாது. நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட 50 மி.மீ லென்ஸ். அதனால் அந்தக் காலத்தில் சின்ன கேமரா என்றாலே பெரும்பாலும் 50தான். அதாவது பிரெசோன் கடை கடையாக ஏறி இறங்கி ஆராய்ந்து இந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. கையில் வந்தது அது. ஆச்சரியம் என்னவென்றால், பிறகு விதவிதமான லென்ஸ்கள் வந்தபோதும் அவர் இடம் மாறவில்லை.

50 மி.மீ மனிதக் கண் பார்ப்பதைப் போலவே பார்க்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மைதான். நம் கண் இரண்டு பக்கமும் அதைவிட ரொம்ப அகலமாக உணரும். கூர்ந்து பார்ப்பதோ அதைவிடச் சின்ன வட்டத்தை. இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. முகம் அகன்று தெரிவது, மூக்கு பெரிதாவது, பின்னணி தள்ளிப்போவது, இதெல்லாம் லென்ஸால் வருவதில்லை. நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதால் வருவது. லென்ஸ் செய்வது, உங்களை அந்தத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது மட்டும்தான்.

ஒரு கணக்கு பாருங்க. நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை, கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுக்க வேண்டும். 50 மி.மீ என்றால் சுமார் 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 35 என்றால் 2.8 மீட்டர். இன்றைய போன்கள் பலவற்றின் மெயின் கேமரா 24 முதல் 26 மி.மீ-க்குச் சமம், அதில் எடுத்தால் 2 மீட்டர். இரண்டு மீட்டர் என்பது பேசும் தூரம். அங்கே வந்து நின்றால் எதிராளி திரும்பிப் பார்த்துவிடுவார். நான்கு மீட்டரில் நீங்கள் தெருவில் போகும் இன்னொரு ஆள், அவ்வளவுதான். பிரெசோனுக்குத் தேவைப்பட்டது அந்த நான்கு மீட்டர்.

மற்ற லென்ஸ்கள் மீது என்ன கோபம்?

கோபமெல்லாம் இல்லை. 35, 90 மி.மீ லென்ஸ்களும் அவரிடம் இருந்தன. தேவைப்பட்டபோது எடுத்திருக்கிறார். 50 மட்டுமே பயன்படுத்தினார் என்று சிலர் சத்தியம் செய்வது கொஞ்சம் மிகை.

ஆனால், காரணங்களை அவரே பேட்டிகளில் தெளிவாக விளக்கியிருக்கிறார். 35 மி.மீ அருமையான லென்ஸ்தான், ஆனால் சட்டத்துக்குள் தேவையில்லாத பொருட்கள் நிறைய வந்து விழும்; எல்லாவற்றையும் துல்லியமாக அதனதன் இடத்தில் வைப்பது கஷ்டம் என்பது அவர் கருத்து. லோத்திடம் படித்தவருக்கு இது பெரிய தொல்லை. 90 மி.மீ நிலக்காட்சிக்கு நல்லது, முன்னால் இருக்கும் தரையை வெட்டித் தள்ளிவிடும். ஆனால், உங்களை நோக்கி ஆட்கள் ஓடிவந்தால் ஃபோகஸ் கிடைக்காது.

50 மி.மீ இரண்டுக்கும் நடுவில். உதாரணமாக f/8 வைத்து 5 மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால், சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பதரை மீட்டர் வரை எல்லாம் ஓரளவு தெளிவாக விழும். அதன்பிறகு கேமராவில் தொடுவதற்கு எதுவும் இல்லை. நடக்கலாம், பார்க்கலாம், தூக்கி அழுத்தலாம். இதுதான் அவர் வேகத்தின் ரகசியம். வெளிச்சத்தில் மின்னக்கூடாது என்று லைகாவின் வெள்ளிப் பாகங்கள் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார். ஃபிளாஷ் அடிப்பதோ அவருக்கு மரியாதைக்குறைவான செயல்.

ஒரே லென்ஸைப் பல வருஷம் பயன்படுத்தினால் இன்னொன்றும் நடக்கும். கேமராவைத் தூக்குவதற்கு முன்பே சட்டத்தின் ஓரம் எங்கே விழும் என்று மனதுக்குத் தெரிந்துவிடும். கால்கள் தானாகப் போய் சரியான இடத்தில் நிற்கும். படத்தை முழுதாக, ஓரம் வெட்டாமல் அச்சிட வேண்டும் என்று பிரெசோன் பிடிவாதம் பிடித்தாரே, இந்தப் பழக்கம் இல்லாமல் அந்தப் பிடிவாதம் சாத்தியமே இல்லை.

பிடிவாதம் உடைந்த படம்

வேடிக்கை என்னன்னா, அவருடைய மிகப் புகழ்பெற்ற படமே வெட்டப்பட்ட படம்தான்!

1932. பாரிஸ், சென்-லாசார் ரயில் நிலையத்தின் பின்பக்கம். பலகை வேலிக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பலகைகளுக்கு நடுவே ஒரு சின்ன இடுக்கு. லென்ஸை அதற்குள் நுழைத்தார் பிரெசோன். இடுக்கு முழுவதையும் லென்ஸே அடைத்துக்கொண்டதால், வியூஃபைண்டர் வழியே அவருக்கு எதுவும் தெரியவில்லை.

தொப்பி போட்ட ஒருவர் தண்ணீர் மேல் தாவுகிறார். குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனக்காரர் அதேபோலத் தாவி நிற்கிறார். கீழே தண்ணீரில் எல்லாமே தலைகீழாக. படத்தின் இடது பக்கம் பலகை மறைத்துவிட்டதால் அந்தப் பகுதியை வெட்ட வேண்டியதாயிற்று. தன் வாழ்நாளில் வெட்ட அனுமதித்த மிகச் சில படங்களில் இது ஒன்று.

மண்ணில் புதைத்த கேமரா

அடுத்த சில ஆண்டுகள் ஸ்பெயின், மெக்சிகோ, நியூயார்க் என்று ஓட்டம். 1937-ல் ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர் ரத்னா மோகினியை மணந்தார். அதே ஆண்டு லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு ஒரு பிரெஞ்சு நாளிதழ் அனுப்பியது. போனவர் மன்னரை விட்டுவிட்டு, மன்னரைப் பார்க்கக் காத்திருந்த கூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பினார். சினிமாவிலும் கை வைத்தார். இயக்குநர் ழான் ரெனுவாரிடம் உதவியாளராக வேலை பார்த்தார்.

இரண்டாம் உலகப்போர். 1940-ல் ஜெர்மானியப் படையிடம் சிக்கினார். அதற்கு முன் லைகாவை வோஜ் மலைப்பகுதியில் ஒரு பண்ணையில் புதைத்து வைத்துவிட்டார். சுமார் மூன்று ஆண்டுகள் கைதிகள் முகாமில் கடும் உடலுழைப்பு. இரண்டு முறை தப்பப் பார்த்துப் பிடிபட்டார். 1943-ல் மூன்றாவது முயற்சியில் தப்பித்தார். கேமராவைத் தோண்டி எடுத்தார், மறுபடி வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இதற்கிடையில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம், அவர் போரில் இறந்துவிட்டார் என்று நினைத்து அஞ்சலிக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தது. ஆள் உயிரோடு வந்து நின்றார். 1947-ல் அந்தக் கண்காட்சியைத் தானே நேரில் பார்த்தார். அதே ஆண்டு ராபர்ட் காபா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ரோட்ஜர் உள்ளிட்டோருடன் மேக்னம் என்ற புகைப்படக் கலைஞர்களின் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். உலகத்தைப் பிரித்துக்கொண்டார்கள். ஆசியா பிரெசோன் பங்குக்கு வந்தது.

டெல்லி, 1948 ஜனவரி 30

ரத்னாவுடன் இந்தியா வந்தார். பிரிவினைக் காலம். அகதி முகாம்கள், ரயில்கள், தலைவர்கள் என்று படமெடுத்துக்கொண்டே போனார். மவுண்ட்பேட்டன் ஒரு பக்கம் விறைப்பாக நிற்க, எட்வினாவும் நேருவும் ஏதோ ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரிக்கும் அந்தப் படம் நினைவிருக்கிறதா? அது பிரெசோன் எடுத்ததுதான். மூன்று பேரும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறார்கள். ஆனால், யாரும் கேமராவுக்காக நிற்கவில்லை.

ஜனவரி 30 மதியம். பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்தித்தார். நியூயார்க் கண்காட்சியின் புத்தகத்தைக் காட்டினார். ஒவ்வொரு பக்கமாக அமைதியாகப் புரட்டிய காந்தி, சவ வண்டி ஒன்றைக் கவிஞர் பால் க்ளோதேல் திரும்பிப் பார்க்கும் படத்தில் நின்றுவிட்டார். அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். மரணத்தைப் பற்றி ஓரிரு சொல் பேசினார். பிரெசோன் விடைபெற்று வெளியே வந்தார். மாலை 5 மணிக்குச் சற்றுப் பின், வழிபாட்டுக்கு நடந்துபோன காந்தி சுடப்பட்டார்.

செய்தி கேட்டு ஓடிவந்தார் பிரெசோன். இருட்டிவிட்டது. பிர்லா மாளிகை வாசலில், தெரு விளக்கு வெளிச்சத்தில், மக்களிடம் காந்தியின் மரணத்தை அறிவிக்கிறார் நேரு. அந்தப் படத்தில் ஃபிளாஷ் இல்லை. அதனால் மங்கல் உண்டு, அசைவு உண்டு. விளக்கின் வெள்ளை வட்டமும் திகைத்த முகங்களும் உண்டு. இன்று யாராவது இப்படி ஒரு படம் அனுப்பினால், ஷார்ப்பா இல்லையேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிவிடக்கூட வாய்ப்பிருக்கிறது.

அதே இரவில், புகழ்பெற்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் மார்கரெட் போர்க்-ஒயிட், காந்தியின் உடல் இருந்த அறைக்குள் ஃபிளாஷ் அடித்ததால் வெளியேற்றப்பட்டார். அவரும் காந்தியை முன்பு அருமையாகப் படம் எடுத்தவர்தான். அன்றைய இரவில், சின்ன கேமராவும் கிடைத்த வெளிச்சமும் போதும் என்றிருந்த ஆள் துக்கத்தின் நடுவே நடமாட முடிந்தது. மறுநாள் சிதைக்குத் தீ மூட்டிய கணம், அஸ்தியைச் சுமந்து போன ரயில் என எல்லாவற்றையும் அவர் தொடர்ந்து பதிவு செய்தார். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அந்தப் படங்களை வெளியிட்டன.

திருவண்ணாமலை, 1950 ஏப்ரல் 14

இடையில் சீனா. 1948 டிசம்பரில் ஷாங்காயில், பணம் மதிப்பிழந்துகொண்டிருக்க, தங்கம் வாங்க வங்கி முன் திரண்ட கூட்டத்தைப் படமெடுத்தார். அகல லென்ஸ் வைத்திருந்தால் தெரு முழுவதும் வந்திருக்கும். 50 மி.மீ-யில் தெரு இல்லை. ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்த உடல்கள் மட்டும்தான். சட்டத்துக்கு வெளியே எவ்வளவு கூட்டம் இருக்கிறது என்று பார்ப்பவரே மூச்சு முட்டிப் புரிந்துகொள்வார்.

பிறகு தமிழ்நாடு. மதுரையில் எலும்பும் தோலுமான ஒரு குழந்தையை வண்டிச் சக்கரத்தோடு சேர்த்து எடுத்த படம், 1950-ன் மிக வலிமிகுந்த படங்களில் ஒன்று. அங்கே அவரிடம் ஒரு கேள்வியும் எழலாம்: துன்பத்தில் இருப்பவரிடம் இவ்வளவு நெருங்கலாமா? இதற்கு 50 மி.மீ-யில் பதில் இல்லை. எந்த லென்ஸிலும் இல்லை.

திருவண்ணாமலையில் ரமணாசிரமம். கையில் புற்றுக்கட்டியோடு இறுதி நாட்களில் இருந்த ரமணரைப் படம் எடுத்தார் பிரெசோன். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தார். அந்த நேரத்தில் வானில் ஒளி வாலுடன் ஏதோ ஒன்று மெதுவாக நகர்ந்து அருணாசல மலை உச்சியை நோக்கிப் போனதைத் தான் கண்டதாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். மணி 8.47. கண்ணால் கண்டதாகச் சொன்னாரே தவிர, அதற்குப் படம் கிடையாது.

உலகப் புகழ், பிறகு ஒரு பென்சில்

1952-ல் அவருடைய புத்தகம் வந்தது. அட்டை ஓவியம் வரைந்து கொடுத்தவர் ஓவியர் மத்தீஸ்! ஆங்கிலப் பதிப்பின் தலைப்பு, தீர்மானிக்கும் கணம் என்ற பொருள் கொண்டது. அந்தச் சொல்லே இன்றுவரை அவருக்குப் பட்டப்பெயர்போல ஒட்டிக்கொண்டுவிட்டது. 1954-ல் ஸ்டாலின் மறைவுக்குப் பிறகு சோவியத் யூனியனுக்குள் அனுமதிக்கப்பட்ட முதல் மேற்கத்தியப் புகைப்படக் கலைஞர். 1955-ல் பாரிஸின் லூவ்ர் வளாகத்தில் கண்காட்சி.

அப்போ எல்லாரும் 50-க்கு மாற வேண்டியதுதானா? அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அவருடைய நண்பர் ஜோசப் கூடெல்கா, ஐரோப்பாவின் ஜிப்ஸி மக்களைப் பற்றிய தன் புகழ்பெற்ற படங்களை 25 மி.மீ அகல லென்ஸில் எடுத்தார். சின்ன வீடுகளுக்குள், குடும்பத்தோடு குடும்பமாக நின்று எடுக்க வேண்டியிருந்தது. நான்கு மீட்டர் பின்னால் போக அங்கே சுவர் விடாது. கூடெல்காவின் வேலையைப் பெரிதும் மதித்தவர்களில் பிரெசோனும் உண்டு. வீட்டுக்குள்ளேயே, குழந்தைகளை அதிகம் எடுப்பவர்களுக்கு 28-ஓ 35-ஓதான் சுலபம்.

50 எப்படி இருக்கும்னு பார்க்க ஆசையா? செலவே வேண்டாம். உங்க போனில் 2x பட்டனை அழுத்துங்க. பெரும்பாலான போன்களில் அது ஏறத்தாழ 50 மி.மீ-க்குச் சமம். ஒரு வாரம் அதை மாற்றாமல் வைத்துப் பாருங்க. முதல் இரண்டு நாள் எல்லாமே பாதியில் வெட்டுப்படும், எரிச்சல் வரும். பிறகு நீங்களே பின்னால் நகர ஆரம்பிப்பீர்கள்.

பிரெசோன் கதைக்கு வருவோம். 1970-ல் புகைப்படக் கலைஞர் மார்ட்டின் ஃபிராங்கைத் திருமணம் செய்துகொண்டார். அந்தப் பத்தாண்டுகளிலேயே, புகழின் உச்சியில், தொழில்முறைப் புகைப்படத்தை மெல்ல நிறுத்தினார். இளமையில் விட்ட இடத்துக்கே திரும்பினார்: பென்சில், காகிதம், ஓவியம். லைகாவை வீட்டில் பெட்டகத்தில் பூட்டி வைத்தார். எப்போதாவது உருவப்படம் எடுக்க மட்டும் அது வெளியே வரும். பார்க்க வருபவர்கள் பழைய படங்களைப் பற்றியே பேச, அவர் தன் ஓவியங்களைக் காட்டவே ஆசைப்பட்டார்.

2003-ல் அவர் பெயரில் பாரிஸில் ஒரு அறக்கட்டளை திறக்கப்பட்டது. 2004 ஆகஸ்ட் 3 அன்று, 96-வது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்க, தெற்கு பிரான்ஸில் காலமானார். மோந்த்ஜுஸ்தான் என்ற மலைக் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். செய்தி வெளியே வந்தது அதன் பிறகுதான்.